‘ஈ’ என்று குறிக்கப்பட்ட இடம்

பாடநூல் தயாரிப்பு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கழிப்பறைக்கும் பழைய படங்களைப் போட்டுவைக்கும் அறைக்கும் நடுவே அவளுடைய மேசை இருந்தது. வெளிச்சம் நன்றாக வரும் என்று சொல்லித்தான் அங்கே போட்டார்கள். வெளிச்சம் வந்தது உண்மை. கூடவே வந்த வாசனையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து இருபத்தாறு ஆண்டுகளாக அவள் செடிகளை வரைந்துகொண்டிருந்தாள். அதில் முதல் பதினோரு ஆண்டுகள் தற்காலிகப் பணி. தற்காலிகம் என்பதற்கு அந்த அலுவலகத்தின் அகராதியில் அதுதான் பொருள்.

காலணி நாடாவில் கோத்த ஒரு லென்ஸ் எப்போதும் அவள் கழுத்தில் தொங்கும். அதனால் நேரில் அவளைப் பூதக்கண்ணாடி அக்கா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் சுருக்கி, பூதம். இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டாவதில் ஒரு மரியாதை இருப்பதாகவே அவளுக்குப் பட்டது. பூதத்திடம் யாரும் வந்து, சார்ஜர் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

அவளுடைய அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து படிக்க முடியாத எழுத்து எழுத்தே அல்ல என்பது அவர் கட்சி. மகளோ மூக்கு காகிதத்தில் இடித்தால் மட்டும் தெரியும் விஷயங்களை வரைந்து பிழைக்கக் கிளம்பினாள். புல்லின் இலை தண்டைப் பிடித்திருக்கும் இடத்தில் ஒரு மயிரிழை விளிம்பு இருக்கும். அதை வரைய அவள் ஒரு முழுநாள் எடுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் கேட்டார். அலுவலகத்தில் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரித் தெரியவில்லை.

கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். ஊரெல்லாம் ஃபிரிட்ஜுகளைத் திறந்து பார்த்தவருக்கு வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கத்தான் பயம். கீழ்த்தட்டு முழுக்க ஈரச் செய்தித்தாளில் சுற்றிய களைகள். ஒருமுறை பசியில், கீரை என்று நினைத்து ஒரு கட்டை நறுக்கி வதக்கிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவள் உண்மையிலேயே வருந்தினாள். அந்தச் செடி மறுபடி கையில் கிடைக்கப் பதினொரு மாதம் ஆனதல்லவா.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் புதிதாக எழுதியபோது, தண்டு பற்றிய பாடத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது. பாடத்தை எழுதியவர் ஒரு பாட வல்லுநர். ஓய்வு பெற்ற பேராசிரியர். செடிகளைப் பற்றி அவர் படிக்காத நூல் கிடையாது. செடிகள் மட்டும்தான் பாக்கி. அவருடைய மேசையில் இருந்த ஒரே தாவரம் பிளாஸ்டிக்கில் ஆனது. அதற்கும் வாரம் ஒருமுறை யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். ஓடைக்கரைகளில் இளஞ்சிவப்புக் கதிராகப் பூக்கும் ஒரு செடியை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். அதன் தண்டில் ஒவ்வொரு கணுவுக்கும் மேலே ஒரு மெல்லிய குழாய் உறை உண்டு. சட்டையின் கைப்பகுதி மணிக்கட்டைச் சுற்றியிருப்பதைப் போல அது தண்டைச் சுற்றியிருக்கும்; இளம் மொட்டுக்குப் போர்வை. சவ்வு மாதிரி இருக்கும், பழுப்பேறும், விளிம்பு நார்நாராகக் கிழியும், அந்த விளிம்பில் கண்ணிமை போல முடிகள் நிற்கும். சில செடிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய அந்த முடிகள்தான் கைகொடுக்கும். புத்தகத்தில் இதற்குக் குழலுறை என்று பெயர் வைத்தார்கள்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருந்த கழிவுநீர் ஓடையில் முழங்கால் வரை இறங்கி அவள் அந்தச் செடியைப் பிடுங்கி வந்தாள். செடிக்கு ஒரு நாள், பூவுக்கு ஒரு நாள், ஆறு கணுக்களின் ஆறு உறைகளுக்கு மட்டும் நான்கு நாள். ஒற்றை மயிர்த் தூரிகையால், பழுப்புக்கு மேல் பழுப்பாக, உள்ளே இருக்கும் தண்டு மங்கலாகத் தெரியும்படி வரைந்தாள். அவள் வாழ்க்கையில் வரைந்ததிலேயே நல்ல படம் அது. அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு யாரும் இல்லை. கணவரிடம் காட்டினாள். பைப்புக்கு மேல் சுற்றுகிற இன்சுலேஷன் மாதிரி இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்பதால் அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம்.

படத்தில் நான்கு கோடுகள் இழுத்து நான்கு எழுத்துகள் வைத்தார்கள். அ என்றால் இலை. ஆ என்றால் கணு. இ என்றால் பூங்கதிர். ஈ என்றால் குழலுறை.

படம் ஸ்கேன் ஆகித் தரைத்தளத்துக்குப் போனது. அங்கே பக்க வடிவமைப்பாளர் இருந்தார். நாற்பது வயது, கழுத்தில் வலிக்காகப் பட்டை கட்டியவர், அதிர்ந்து பேசாதவர். பழைய பதிப்பில் படங்கள் எல்லாம் அழுக்காக இருந்தன என்று மேலிடத்தில் யாரோ முகம் சுளித்திருந்தார்கள். எனவே இயக்குநர், இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒன்பதே நாளில் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார். ஏழாவது நாள் ஓடைக்கரைச் செடி திரையில் வந்தது. ஒவ்வொரு கணுவுக்கும் மேலே பழுப்பாக, கிழிந்தாற்போல் ஒரு கறை. ஆறு கறைகள். அவர் ரொம்பப் பொறுமையாக, தண்டுக்குச் சிறு காயமும் படாமல், ஆறையும் துடைத்தெடுத்தார். தண்டு எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி பளபளத்தது.

புத்தகம் அச்சாகி வந்தது. பூதக்கண்ணாடி அதைத் திறந்து பார்க்கவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அவள் வரைந்த ஒரு பூவைத் தலைகீழாக அச்சடித்து, கீழே ‘தொங்கும் மலர்’ என்றும் போட்டுவிட்டார்கள். அவள் முறையிட்டாள். படம் மிகவும் புதுமையாக இருப்பதாக ஆசிரியர்கள் மூன்று பேர் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அச்சான எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு புல்லின் விளிம்பு முடியை எண்ணுகிறவள், தன் பெயர் போட்ட புத்தகத்தை மட்டும் புரட்ட மாட்டாள். இதைச் சுயமரியாதை என்று அவள் நினைத்தாள்.

இரண்டு ஆண்டுகள் ஓடின. நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் வெறும் தண்டைச் சுட்டிக்காட்டி, இதோ பாருங்கள் குழலுறை என்றார்கள். பல்லாயிரம் பிள்ளைகள் பார்த்தோம் என்று தலையாட்டினார்கள். கல்வி என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை.

மூன்றாம் ஆண்டு பொதுத்தேர்வில் பதினான்காவது கேள்வியாக அந்தப் படம் வந்தது. ஈ எனக் குறிக்கப்பட்ட பாகத்தை அடையாளம் கண்டு, நீங்கள் காண்பதை மூன்று வரிகளில் விவரிக்க, நான்கு மதிப்பெண். அத்தனை பேரும் கண்டார்கள். பழுப்பு நிறச் சவ்வைக் கண்டார்கள், கிழிந்த விளிம்பைக் கண்டார்கள், விளிம்பில் முடிகளையும் கண்டார்கள். அத்தனை பேருக்கும் நான்கு மதிப்பெண் விழுந்தது.

ஒரே ஒரு பெண் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: ‘ஈ எனக் குறிக்கப்பட்ட இடத்தில் எதுவும் இல்லை. குறிக்கும்போது அங்கே ஈ உட்கார்ந்திருக்கலாம். இப்போது பறந்துவிட்டது.’

பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘கண்ணைத் திறந்து பார்க்கவும்.’

அந்தப் பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மதிப்பெண் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தச் சிவப்பு வரி அவருடைய தொழிலின் மேலேயே விழுந்த அடி. விடைத்தாளின் நகலையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்தார். வரவேற்பில் இருந்தவர், தேர்வு விஷயம் என்று முதல் மாடிக்கு அனுப்பினார். முதல் மாடி, புத்தக விஷயம் என்று இரண்டாம் மாடிக்கு அனுப்பியது. இரண்டாம் மாடியில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்ததும், படம் என்றால் மூன்றாம் மாடி என்றார்கள். அதற்கு மேல் மாடி இல்லை. அப்படித்தான் அவர் பூதக்கண்ணாடியின் முன்னால் வந்து நின்றார்.

“மேடம், என் பொண்ணுக்குக் கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. நானே மூணு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன். இந்த இடத்துல உங்களுக்கு என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்.”

அவள் லென்ஸை எடுத்துக் குனிந்தாள். முதலில், இது வேறு யாரோ வரைந்த படம் என்று நினைத்தாள். இலை நரம்புகளைப் பார்த்ததும் தன் கை என்று தெரிந்துவிட்டது. கணுக்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போனாள். ஆறும் மொட்டையாக இருந்தன. நான்கு நாள் உட்கார்ந்து கட்டிய உறைகள் ஒன்றுகூட இல்லை. ஒரு கோடு மட்டும் வெகு நம்பிக்கையோடு வந்து வெறும் தண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதன் மறுமுனையில் ‘ஈ’.

“ஒண்ணும் தெரியல,” என்றாள்.

“இத எழுதிக் குடுப்பீங்களா?”

எழுதிக் கொடுத்தாள். அந்த அலுவலகத்தில் இருந்த ஒருவர் ஒரு விஷயத்தை நேராக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது வெகு காலத்துக்குப் பிறகு அதுதான் முதல்முறை. அதனால்தான் இரண்டே நாளில் விசாரணைக் குழு அமைந்தது.

குழு கூடுவதற்கு முன் அவள் தரைத்தளத்துக்கு இறங்கிப் போனாள். கையில் சண்டைக்கு வேண்டிய எல்லாம் தயாராக இருந்தது. வடிவமைப்பாளர் கழுத்துப் பட்டையோடு மெதுவாகத் திரும்பினார்.

“அழுக்குன்னு நெனச்சுட்டேன் அக்கா.”

“அழுக்குன்னா ஆறு கணுவுலயும் ஒரே இடத்துல எப்படிப்பா படியும்?”

“அதான் எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. ஸ்கேனர்ல கோளாறுன்னு எழுதிக்கூடக் குடுத்தேன். அதுக்கப்புறந்தான் புது ஸ்கேனர் வாங்கினாங்க.”

அவள் வைத்திருந்த கோபம் அந்தப் பதிலில் வழி தெரியாமல் நின்றுவிட்டது. தன்னுடைய உறைகள் புத்தகத்தில் இடம்பெறாமல் போனாலும், ஒரு ஸ்கேனரை வேலையை விட்டுத் துரத்தியிருக்கின்றன என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்போது அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அந்தப் பக்கத்தின் அச்சுப்படி. அச்சுக்குப் போகும் முன் ஓவியர் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய தாள். வெறும் தண்டு, அதற்குக் கீழே ‘சரி’, அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து.

தேதியைப் பார்த்ததும் நினைவு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களையும் கட்டாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அச்சானதைப் பார்ப்பதில்லை என்ற சபதம் வேறு இருந்ததா, ஒன்றையும் பார்க்காமல் எல்லாவற்றிலும் ‘சரி’ போட்டுத் தள்ளியிருந்தாள்.

“இது ஒரு காப்பிதான் இருக்கு,” என்றார் வடிவமைப்பாளர். “யாருகிட்டயும் காட்டல. நீங்களே வச்சுக்கங்க.”

அந்த ஆள் துடைத்தவர், மாட்டிக்கொள்ளப் போகிறவர். இந்தத் தாளைக் காட்டினால் பாதி பாரம் அவரை விட்டு இறங்கும். அதை அவர் அவளிடமே கொடுத்துவிட்டு, திரையின் பக்கம் திரும்பி அடுத்த படத்தைத் திறந்தார். அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று மாலை சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். கம்ப்ரசரை மாற்றிவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்காமலே கிளம்பி வருகிற ஆட்களும் தன் தொழிலில் இருக்கிறார்கள் என்றார். அவர்களை என்ன சொல்வீர்கள் என்று அவள் கேட்டாள்.

“மெக்கானிக்னு சொல்ல மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

வியாழக்கிழமை குழு கூடியது. இயக்குநர், பாட வல்லுநர், தேர்வு அதிகாரி, மூன்று பேர். குளிரூட்டி பல்லைக் கிட்டவைக்கும் வேகத்தில் ஓடியது. அசல் படத்தைத் தேடி எடுத்து வந்திருந்தார்கள். ‘கறை படிந்தவை’ என்று எழுதிய உறைக்குள் பத்திரமாக இருந்தது. மேசையில் விரித்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஆறு உறைகளும் பழுப்பாக, மெல்லியதாக, ஊதினால் அசையும்போல இருந்தன. பாட வல்லுநர் மட்டும் அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். தான் பதினாறு நூல்களில் எழுதிய பொருளை அவர் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தார் என்று நினைக்க இடமுண்டு.

ஆனால் அவர் சீக்கிரமே தேறிவிட்டார். அச்சில் வந்த படத்தில் பிழையே இல்லை என்றார். வயதானால் குழலுறை காய்ந்து கிழிந்து உதிர்ந்துவிடும்; இது அறிவியல். எனவே புத்தகத்தில் இருப்பது முதிர்ந்த தண்டின் படம். இயக்குநர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்படியானால் கோடு எதைச் சுட்டுகிறது என்று தேர்வு அதிகாரி கேட்டார். உறை உதிர்ந்த இடத்தை என்றார் வல்லுநர், சற்றும் தயங்காமல்.

தேர்வு அதிகாரி நிதானமான மனிதர். சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் உறை இருப்பதாக எழுதிய எல்லாருக்கும் பூஜ்யம் போட வேண்டும், எதுவும் இல்லை என்று எழுதிய ஒரு பெண்ணுக்கு மட்டும் முழு மதிப்பெண் தர வேண்டும், இதை எந்தப் பத்திரிகையில் முதலில் அறிவிப்பது என்று கேட்டார். அறிவியல் அங்கேயே நின்றுபோனது.

அடுத்து இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓவியர் அந்தப் பாகத்தைக் கொஞ்சம் அழுத்தமாக வரைந்திருந்தால் யாருக்கும் அழுக்கு என்று தோன்றியிருக்காது அல்லவா என்று ஆரம்பித்தார். எதிரே உட்கார்ந்திருந்த பூதக்கண்ணாடி, அதற்காகவே காத்திருந்தவள் போல, தன் பையிலிருந்து அச்சுப்படியை எடுத்து அசலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அழுத்தமா வரையாதது தப்பு இல்ல சார். செடியில அது அப்படித்தான் இருக்கும். இதுதான் தப்பு. பார்க்காம கையெழுத்துப் போட்டேன். பார்த்திருந்தா அன்னைக்கே நின்னிருக்கும்.”

குழுவில் இப்படியொரு சங்கடம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அறிக்கைப் படிவத்தில் இயந்திரக் கோளாறுக்கு ஒரு கட்டம் இருந்தது. இயற்கைச் சீற்றத்துக்கு ஒன்று, வெளி நிறுவனத்தின் கவனக்குறைவுக்கு ஒன்று. ஒரு ஆள் தானாக வந்து நான்தான் என்று சொன்னால் எழுத இடம் விட்டிருக்கவில்லை. இயக்குநர் அந்தத் தாளை ஒற்றை விரலால் அவள் பக்கமாகத் தள்ளினார்.

“இத உள்ள வைங்கம்மா. எதுக்குத் தேவையில்லாம.”

அவள் உள்ளே வைக்கவில்லை. அது அங்கேயே கிடந்தது. மூன்று பேரும், அது ஏதோ ஊர்ந்து வரக்கூடிய பொருள் என்பதுபோல, முழங்கைகளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

முடிவு இப்படி வந்தது. பழைய ஸ்கேனரின் மீது பொறுப்பு சுமத்தப்பட்டது. அது ஏற்கெனவே கழித்துக்கட்டப்பட்டிருந்ததால் மறுப்புத் தெரிவிக்கவில்லை. வடிவமைப்பாளர் தப்பினார். பூதக்கண்ணாடிக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. காரணம் அச்சுப்படி அல்ல, பொதுமக்களுக்கு முன்அனுமதி இல்லாமல் எழுதிக் கொடுத்தது. பதினான்காவது கேள்விக்குப் பதில் எழுதியவர்கள், எழுதாதவர்கள், அந்தப் பக்கத்தைத் திருப்பவே மறந்தவர்கள் எல்லாருக்கும் நான்கு மதிப்பெண். பாட வல்லுநர் அந்த ஆண்டு, உறைகள் உதிர்வதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

கண்ணாடிக் கடைக்காரர் நன்றி சொல்ல வந்தார். கூடவே ஒரு தயக்கமும் வந்தது.

“பொண்ணு மார்க் வேணாங்கறா மேடம். அந்தச் சிவப்பு வரிய அடிக்கணுமாம். அதுதான் அவளுக்கு முக்கியம்.”

அது நியாயம் என்று பூதக்கண்ணாடிக்குப் பட்டது. தேர்வு அதிகாரியிடம் போனாள். விடைத்தாளில் ஏற்கெனவே எழுதியதை அடிக்க விதி இல்லை என்றார். மறுவாரம் போனாள். விதி வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் விடுப்பில் இருந்தார். நான்காம் முறை போனபோது, எச்சரிக்கைக் கடிதம் வாங்கியும் உங்களுக்குப் புத்தி வரவில்லையே என்று அலுத்துக்கொண்டே தாளை வரவழைத்தார். அடிமட்டம் வைத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அதைப் பார்த்தபோது தன் படம் அச்சேறிய எந்த நாளிலும் இல்லாத நிம்மதி அவளுக்கு வந்தது. நகலை அவளே கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த பதிப்புக்குப் படத்தை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். இந்த முறை அவள் தரைத்தளத்தில் வடிவமைப்பாளரின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு புள்ளிக்கும் இது செடியா அழுக்கா என்று கேட்டார், அவள் சொன்னாள். மூன்று நாள் ஆயிற்று. ஒருமுறை அவள் செடி என்று அடித்துச் சொன்னது தூசியாகப் போய்விட்டது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அச்சகத்துக்கும் அவளே போனாள். ஓவியர் அச்சகத்துக்கு வருவது வழக்கமில்லை என்று வாசலில் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டே உள்ளே நடந்தாள். இயந்திரம் ஓட்டியவர் முதல் தாளை உருவி, மை காயாமல் ஓரத்தைப் பிடித்து நீட்டினார். அதை ஜன்னலோரம் விரித்து, லென்ஸை வைத்து, கீழ்க் கணுவிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது உறையில் முடிகள் கொஞ்சம் ஒட்டிப்போயிருந்தன. பழுப்பில் சிவப்பு ஒரு சொட்டுக் கூடுதல். ஆறும் இருந்தன.

இயந்திரக்காரர் பொறுமையிழந்து, சரியா என்று கேட்டார். அவள் இன்னொரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“சிவப்பைக் கொஞ்சம் கொறைங்க,” என்றாள். “அப்புறம் ஓட்டுங்க.”